வரைபடத்தில் இருக்கும் கோடு, சட்டத்தில் இல்லாத கோடு

கேட்கப்பட்ட கேள்வி இது: "புவி அறிவியல் அமைச்சகம், சுற்றுச்சூழல் அமைச்சகம், இவற்றின் கீழ் ஏகப்பட்ட தேசிய ஆய்வு மையங்கள் இந்தியாவில் இருக்கின்றன. இவர்கள் செய்யும் சுற்றுச்சூழல், காலநிலை ஆய்வுகள் அரசின் கொள்கையை நிஜமாகவே மாற்றுகின்றனவா? இல்லை, அறிக்கை வெளியீட்டு விழாவோடு கதை முடிந்துவிடுகிறதா?"

இரண்டும் நடக்கிறது. எது எங்கே நடக்கிறது என்பதற்கு ஓரளவு ஒழுங்கும் இருக்கிறது. ஆய்வு எவ்வளவு தரமானது என்பதை வைத்து அதன் பலனைக் கணிக்க முடியாது. ஆய்வு கொடுக்கும் எண்ணையோ கோட்டையோ யாரோ ஓர் அதிகாரி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்தால் அந்த ஆய்வு வேலை செய்யும். விதி இல்லையென்றால் எவ்வளவு நல்ல ஆய்வும் மேற்கோள் காட்டத்தான் ஆகும். கடற்கரையை வைத்து இதை விளக்குவது எளிது. அதற்கு முன்னால் புயலைப் பற்றிக் கொஞ்சம்.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே ஒடிசாவில் பைலின் கரையேறியபோது இறந்தவர்கள் 50க்கும் குறைவு. நடுவில் வானிலை ஆய்வு மையத்தின் மாதிரிகள் மேம்பட்டன, டாப்ளர் ரேடார்கள் வந்தன என்பது உண்மை. ஆனால் உயிர்களைக் காப்பாற்றியது கணிப்பு மட்டும் இல்லை. எந்தக் கட்ட எச்சரிக்கை வந்தால் மாவட்ட ஆட்சியர் என்ன செய்ய வேண்டும், யாரை எந்தப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். புயலுக்கு 48 மணி நேரம் முன்பு ஒரு தாள், 24 மணி நேரம் முன்பு இன்னொரு தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வேலை. பைலினின்போது ஏறத்தாழ 10 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டது அப்படித்தான்.

அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017இல் ஒக்கி காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். அவர்கள் இருக்கும் தூரத்துக்கு அப்போது எந்தச் செய்தியும் போய்ச் சேர வழி இருக்கவில்லை. எச்சரிக்கை எழுதுபவர்கள் ஒரு பக்கம், படகு இன்னொரு பக்கம். ககன் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஜெமினி என்ற கருவியை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் அறிமுகப்படுத்தியது அதற்குப் பிறகு, 2019இல்.

சரி, கடற்கரைக்கு வருவோம். இந்தியாவின் கடற்கரையை ஒழுங்குபடுத்தும் விதி 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. பேச்சுவழக்கில் சிஆர்இசட். உயர் ஓதக் கோடு, அதாவது ஓதம் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை, அதிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. அந்த 500 மீட்டருக்குப் பின்னால் பெரிய அறிவியல் கிடையாது. கன்னியாகுமரியின் பாறைக்கரைக்கும் நாகப்பட்டினத்தின் தாழ்வான மணல்கரைக்கும் ஒரே 500 மீட்டர். நிர்வாகத்துக்கு வசதியான முழு எண், அவ்வளவுதான். ஆனாலும் அது எளிதில் அளக்கக்கூடிய எண். குப்பத்தில் இருக்கும் ஒருவர்கூட டேப்பைப் பிடித்து, "இந்தக் கட்டடம் விதிமீறல்" என்று சொல்ல முடியும். அந்தப் பலத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

இந்த விதியை அறிவியல் முறையில் மாற்றி அமைக்க 2004 ஜூலையில் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, டிசம்பரில் சுனாமி வந்துவிட்டது. 2005 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே தூரம் வேண்டாம். ஒவ்வொரு கரையும் எவ்வளவு பாதிக்கப்படக்கூடியது என்று அளந்து அதற்கேற்பக் கோடு போடலாம் என்பது அதன் சாரம். காகிதத்தில் மறுக்க முடியாத யோசனை. ஆனால் அதை ஒட்டி 2008இல் வந்த வரைவு அறிவிக்கையை மீனவர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. "இருக்கும் 500 மீட்டரும் போய்விடும், அறிவியலின் பெயரில் விடுதிக்காரர்கள் உள்ளே வருவார்கள்" என்பது அவர்கள் வாதம். அரசு அந்த வரைவைக் கைவிட்டது. அறிவியலுக்கு எதிரான முரண்டு என்று அப்போது சிலர் எழுதினார்கள். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் மீனவர்களின் சந்தேகத்தில் அர்த்தம் இருந்தது.

2011 ஜனவரியில் புதிய அறிவிக்கை வந்தது. 500 மீட்டர் தப்பியது. கூடவே ஒரு புது விஷயமும் உள்ளே வந்தது: அபாயக் கோடு. ஓதம், அலைகள், கரை நகர்ந்த வரலாறு, கடல் மட்ட உயர்வு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, கடல் எதுவரை வரக்கூடும் என்று காட்டும் கோடு. காலநிலை மாற்றம் இந்தியக் கடற்கரையின் நிலப் பயன்பாட்டு விதிக்குள் நேரடியாக நுழைந்த இடம் என்று இதைச் சொல்லலாம். அதே ஆண்டு சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் தொடங்கப்பட்டது. உலக வங்கிக் கடனுதவித் திட்டத்தின் கீழ் இந்திய நில அளவைத் துறை விமானத்திலிருந்து படம் எடுத்தது. நாட்டின் கரை முழுக்கக் கோடு வரையும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. விஞ்ஞானிகள் தங்கள் வேலையை ஒழுங்காக முடித்தார்கள்.

இதற்கிடையில் 2014இல் சைலேஷ் நாயக் தலைமையில் இன்னொரு குழு. விதிகள் கடுமையாக இருக்கின்றன, தளர்த்த வேண்டும் என்று கடலோர மாநிலங்கள் கேட்டதால் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2015 ஜனவரியிலேயே தயார். பொதுமக்கள் பார்வைக்கு வந்தது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக. 2019 ஜனவரி 18 அன்று இன்றைய அறிவிக்கை வெளியானது. மக்கள்தொகை சதுர கிலோமீட்டருக்கு 2,161க்கு மேல் இருக்கும் கிராமப்புறக் கடற்கரையில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. அபாயக் கோடு? அது ஒழுங்குமுறையிலிருந்து பிரிக்கப்பட்டது. பேரிடர் மேலாண்மைக்கும் தகவமைப்புத் திட்டமிடலுக்கும் ஒரு கருவியாக மட்டும் பயன்படும் என்று எழுதப்பட்டது.

இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். கோட்டை யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆய்வை நிறுத்தவில்லை. வரைபடத்தில் கோடு இன்றும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் ஒரு கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கு, கோட்டைக் காரணம் காட்டி மறுக்க வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லாமல் போனது. கேள்வி கேட்டவர் 'ஆய்வு கிடப்பில் போகிறதா' என்று சந்தேகப்பட்டார். கிடப்பில் போடுவதைவிட இது நாசூக்கான வழி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அபாயக் கோட்டை அப்படியே சட்டமாக்கியிருந்தால் முதலில் அடிபட்டிருப்பது நட்சத்திர விடுதிகள் இல்லை, கடலை ஒட்டி வாழும் குப்பங்கள். கோட்டுக்குள் வீடு கட்டக்கூடாது என்றால், வலையும் படகும் கரையில் இருக்க, ஆள் மட்டும் எங்கே போவது? ஆகவே கோட்டை விதியில் வைத்து, மீனவர் குடியிருப்புக்குத் தனி ஏற்பாடு செய்வதுதான் சரியான வழியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. கடினமான வேலைதான். கோட்டை எடுத்துவிடுவது சுலபம்.

அளவீடு மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆய்வு மையம், இது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருவது, 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களையும் களத் தரவுகளையும் வைத்து முதன்மை நிலப்பரப்பின் 6,907 கிலோமீட்டர் கரையை ஆராய்ந்தது. 33.6 சதவீதம் அரிக்கப்படுகிறது, 26.9 சதவீதத்தில் மணல் சேர்கிறது, மீதி நிலையாக இருக்கிறது. மேற்கு வங்கத்தில் அரிப்பு 60.5 சதவீதம், புதுச்சேரியில் 56.2, கேரளத்தில் 46.4, தமிழ்நாட்டில் 42.7. கேரளத்தின் சதவீதம் கூடுதல் என்றாலும், கிலோமீட்டர் கணக்கில் அதைவிடத் தமிழ்நாடுதான் அதிகம் இழக்கிறது, ஏறத்தாழ 423 கிலோமீட்டர்.

இதில் கடல் மட்ட உயர்வின் பங்கை மட்டும் பார்த்தால் பாதிக் கதை விட்டுப்போகும். தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். சில ஆண்டுகளில் நகரத்தின் மணல் கடற்கரை காணாமல் போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பு ஒன்றை மூழ்கடித்து, மணலையும் கொட்டி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் கடற்கரையை மீட்டுக் கொடுத்தது. நல்ல பொறியியல். ஆனால் எல்லைக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் போனால் அரிப்பு தொடர்வதைப் பார்க்கலாம். கடலுக்கு மாநில எல்லை தெரியாது, நிதி ஒதுக்கும் கோப்புக்கு நன்றாகத் தெரியும்.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு, அந்த விவகாரமும் இப்படித்தான். அரிப்பு வந்த ஊரில் மக்கள் மறியல் செய்வார்கள், தூண்டில் வளைவு கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள், வீடு போகிறதே. கட்டிக் கொடுத்ததும் அந்த ஊர் தப்பும். அடுத்த மறியல் வடக்கே உள்ள ஊரில். தேசிய ஆய்வோ கரை முழுவதையும் ஒரே மணல் ஓட்டமாகப் பார்த்து எழுதப்படுகிறது, முடிவோ ஊர் ஊராக, மனு மனுவாக எடுக்கப்படுகிறது. இரண்டையும் இணைக்கும் கரையோர மேலாண்மைத் திட்டத்துக்குக் கட்டாயம் இல்லாதவரை, அந்த 42.7 சதவீதம் சட்டமன்றக் கேள்விக்குப் பதிலாகத்தான் இருக்கும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு, அது சுற்றுச்சூழல் துறையிலிருந்து வந்ததில்லை. 15ஆவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, ஆற்று அரிப்பையும் கடல் அரிப்பையும் தடுக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களை மறுகுடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் தனியாகப் பரிந்துரைத்தது. அதுவரை அரிப்பில் மெல்ல மெல்ல வீடு இழப்பவருக்குப் பேரிடர் நிதியில் இடமே இல்லை. ஒரே இரவில் போனால் பேரிடர், பத்து ஆண்டில் போனால் தலைவிதி. பணம் என்று வந்துவிட்டால் யாருக்கு, எந்த ஆதாரத்தில் என்ற கேள்வி வரும். அங்கே கரை அளவீடுகளுக்கு வேலை கிடைக்கும்.

கடற்கரையை விட்டு மேலே பார்த்தாலும் இதே ஒழுங்குதான். இந்தியா தன் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை ஒழுங்காகக் கணக்கிடுகிறது. 2024 டிசம்பரில் ஐநாவுக்குக் கொடுத்த அறிக்கையின்படி, 2020இல் காடுகள் உறிஞ்சியது போக நிகர வெளியேற்றம் 2,437 மில்லியன் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஏன் இது ஒழுங்காக நடக்கிறது? பன்னாட்டு ஒப்பந்தம் கேட்கிறது. காலநிலை மாற்றம் நமக்கு என்ன செய்யும் என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை. அதனால் அது ஆள் பொறுத்து நடக்கிறது.

இதற்கு ஒரு பழைய கதை. 2035க்குள் இமயமலைப் பனிப்பாறைகள் மறைந்துவிடக்கூடும் என்று ஐநாவின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் ஒரு வரி இருந்தது. 2009 நவம்பரில் புவியியலாளர் வி.கே. ரெய்னா எழுதிய ஆய்வறிக்கையைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. அது அந்த அளவுக்கு வேகமான உருகலை ஏற்கவில்லை. பெரிய சண்டை. 2010 ஜனவரியில் ஐபிசிசி அந்த வரிக்கு ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டது. பனிப்பாறைகள் உருகுவது நிஜம், 2035 என்பதுதான் தவறு. நம் மலையை நாமே அளக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2009 அக்டோபரிலேயே காலநிலை மதிப்பீட்டுக்கென நாடு தழுவிய ஓர் ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியிருந்தார். 2010 நவம்பரில் அது வெளியிட்ட அறிக்கை வேளாண்மை, நீர், இயற்கைச் சூழலும் பல்லுயிரும், சுகாதாரம் என நான்கு துறைகளை, இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, கடலோரம், வடகிழக்கு என நான்கு பகுதிகளில் ஆராய்ந்தது. அமைச்சர் மாறினார். அதன் தொடர்ச்சியாக அதே அளவில் ஒன்றும் வரவில்லை.

அடுத்த பெரிய மதிப்பீடு வேறோர் அமைச்சகத்திலிருந்து, பத்து ஆண்டு கழித்து 2020 ஜூனில் வந்தது. புனேவின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் முன்னின்று செய்தது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 டிகிரி கூடியது. 1951 முதல் 2015 வரை கோடைப் பருவமழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது. வட இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டம் 1993க்குப் பிறகு ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்கிறது. நம் விஞ்ஞானிகள் எழுதியது, யாரும் 'வெளிநாட்டுக் கணக்கு' என்று தள்ள முடியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு இத்தனை மாதத்துக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

பிரிட்டனில் 2008 காலநிலைச் சட்டம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆபத்து மதிப்பீட்டை நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. 2012, 2017, 2022 என்று வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1990 சட்டம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறது. அங்கேயும் 2025 ஏப்ரலில் ஆறாவது மதிப்பீட்டின் ஆசிரியர்கள் அத்தனை பேரையும் விடுவித்துவிட்டார்கள் என்பதால், சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் இருக்கும்போது அது செய்தியாகிறது, வழக்காகிறது. நம் ஊரில் வராத அறிக்கை வரவில்லை என்றே யாருக்கும் தெரிவதில்லை. இந்தியாவில் காலநிலைக்கென்று தனிச் சட்டம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே 2024 மார்ச்சில், கானமயில் வழக்கின் தீர்ப்பில் குறிப்பிட்டது.

விதியில் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், எந்த எண் அங்கே உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெப்ப அலைக்கு வானிலை மையத்தின் வரையறை சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, கூடவே இயல்பைவிட 4.5 டிகிரி அதிகம். இதில் ஈரப்பதம் கணக்கில் வராது. சென்னையில் புழுக்கத்தில் கட்டட வேலை செய்பவருக்கு மயக்கம் வரும் நாள், கணக்குப்படி வெப்ப அலை நாளாக இருக்க வேண்டியதில்லை. அகமதாபாத் வேறு வழியில் போனது. 2010 மே மாத வெப்பத்தில் அங்கே வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நகரத்தின் சொந்த இறப்புப் பதிவேட்டை வைத்து எச்சரிக்கை அளவுகளைத் தீர்மானித்து, 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இங்கே எந்த எண்ணை வைத்துக்கொள்வது என்ற ஆய்வுதான் இப்போது அவசரம்.

ஆய்வு எப்போதும் கட்டுப்பாட்டுக்குச் சாதகமாகத்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். அனல்மின் நிலையங்கள் கந்தக நீக்கக் கருவி பொருத்த வேண்டிய நிலையை 2015இல் வந்த விதி உண்டாக்கியது. கெடுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்தார்கள். அதற்கு ஆதாரமாக அரசு காட்டியதும் தேசிய நிறுவனங்களின் ஆய்வுகளைத்தான்: இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள் இருக்கிறது என்று. அந்த வாயு காற்றில் வெகுதூரம் போய் நுண்துகளாக மாறுவதைக் கணக்கில் எடுத்தால் விடை வேறு என்பது மறுப்பவர்களின் வாதம். என் பார்வையில் அது வலுவான வாதம். எந்தக் கேள்வியை ஆய்வாளரிடம் கொடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி விடை தீர்மானமாகிவிடுகிறது.

ஆகவே ஏதாவது தேசிய ஆய்வு வெளியாகும்போது நான் முதலில் தேடுவது மூன்று: இந்த எண்ணை எந்த விதி குறிப்பிடுகிறது, எந்த அதிகாரி இதைப் பார்த்தாக வேண்டும், அடுத்த பதிப்பு எப்போது என்று எழுதியிருக்கிறதா. கடலோரத்தில் இருப்பவராக இருந்தால் உங்கள் மாவட்டத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் அதன் வரைவு மீது கருத்துக்கேட்பு நடந்தபோது, மீனவர் குடியிருப்புகளும் பொதுப் பயன்பாட்டு இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்பதுதான் பெரிய புகார். 1:25,000 அளவுப் படத்தில் ஒரு குப்பம் விரல்நகம் அளவுகூட இருக்காது. சர்வே எண்ணோடு இருக்கும் 1:4,000 அளவுப் படத்தைக் கேளுங்கள். வலை உலர்த்தும் இடமும் படகு நிறுத்தும் இடமும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.